ஆறு ஆட்டங்கள், 73 சீட்டுகள்: மூடும் குறியீட்டில் இதற்குக் கீழே போக வழி உண்டா?

வெட்டுப்புள்ளி கேட்டது:

மூடும் குறியீடுகள் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டும், கூடவே நிரல் எழுதிப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். நான் பிடித்துக்கொண்டது கால்பந்துச் சீட்டுக் கணக்கு. ஆறு ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் வெற்றி, தோல்வி, சமன் என்று மூன்று முடிவுகள், ஆக 729 சாத்தியங்கள். எது நடந்தாலும் குறைந்தது ஐந்து ஆட்டமாவது சரியாகச் சொல்லும் ஒரு சீட்டு நம்மிடம் இருந்தாக வேண்டும் என்றால் எத்தனை சீட்டு நிரப்ப வேண்டும்? அதாவது 0, 1, 2 என்ற மூன்று எழுத்துகளால் ஆன ஆறு நீளச் சொற்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஹேமிங் தூரம் (இரு சொற்கள் வேறுபடும் இடங்களின் எண்ணிக்கை) 1-க்குள் ஒரு குறிச்சொல், அதாவது நாம் நிரப்பிய சீட்டு, இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குறிச்சொற்களின் தொகுப்புதான் மூடும் குறியீடு. நீளம் 6-க்கு அந்தக் குறைந்தபட்ச எண்ணை கே(6) என்று எழுதிக்கொள்கிறேன்.

ஒரு குறிச்சொல் தன்னையும் சேர்த்து 13 சொற்களை மூடும், 729-ஐ 13-ஆல் வகுத்தால் 56-க்குச் சற்று மேல், எனவே 57-க்குக் கீழே போக முடியாது என்பது வரை தெளிவு. நீளம் 4-க்கு விடை 9, நீளம் 5-க்கு 27, இரண்டும் உறுதியானவை. ஆறுக்கு வந்தால் 71, 72, 73 இவற்றில் ஏதோ ஒன்று என்றுதான் அட்டவணைகள் சொல்கின்றன. 73 என்ற மேல்வரம்பு 1987-லேயே சிமுலேட்டட் அனீலிங் (மோசமான நகர்வுகளையும் சில சமயம் ஏற்று, அந்த வாய்ப்பை வெப்பம் என்ற எண்ணால் மெல்லக் குறைத்துக்கொண்டே போகும் தேடல்) மூலம் கிடைத்துவிட்டது, இன்றுவரை யாரும் அதைக் குறைக்கவில்லை.

நானும் அனீலிங்தான் எழுதியிருக்கிறேன். 73 சொற்களைத் தோராயமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு குறிச்சொல்லை எடுத்து ஓர் இடத்தில் எழுத்தை மாற்றி, மூடப்படாத சொற்களின் எண்ணிக்கையைச் செலவாக வைத்து ஓட்டுகிறேன். வேகமாகக் கீழே வருகிறது, அப்புறம் கடைசியில் சில சொற்கள் மட்டும் மூடாமலேயே நின்றுவிடுகின்றன. கிரீடி முறை, அதாவது ஒவ்வொரு தடவையும் புதிதாக அதிகம் மூடுகிற சொல்லைச் சேர்ப்பது, இதைவிட மோசம்.

தேடலை எப்படிச் சீராக்குவது? தேடலைத் தவிர வேறு கட்டமைப்பு ஏதாவது பயன்படுமா? 72-ஐத் தேட ஆசை, ஆனால் குருட்டுத்தனமாகத் தேட விருப்பமில்லை.

வாலறுந்த_வரிசை எழுதியது:

தேடல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், கட்டமைப்பு தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

முதலில் வேகம். 729 இடங்கள் கொண்ட ஓர் அர்ரே வைத்து, ஒவ்வொரு சொல்லையும் எத்தனை குறிச்சொற்கள் மூடுகின்றன என்ற எண்ணிக்கையை அதில் வைத்திருங்கள். ஒரு குறிச்சொல்லை ஒரே ஓர் இடத்தில் மாற்றினால் பழைய கோளமும் புதிய கோளமும் (கோளம் என்றால் ஒரு குறிச்சொல் மூடும் 13 சொற்கள்) சரியாக 3 சொற்களைப் பகிர்ந்துகொள்ளும், ஆகவே 10 சொற்களின் எண்ணிக்கை ஒன்று குறையும், 10 சொற்களுடையது ஒன்று கூடும், அவ்வளவுதான். 0-லிருந்து 1 ஆனவை, 1-லிருந்து 0 ஆனவை எத்தனை என்று பார்த்தாலே செலவு மாற்றம் கிடைத்துவிடும். ஒவ்வொரு நகர்வுக்கும் மொத்தச் செலவையும் புதிதாகக் கணக்கிடும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன், அப்படி இருந்தால் அதை மாற்றுவதே முதல் வேலை.

அடுத்தது வெப்பம். செலவு முழு எண்ணாகத்தான் மாறுகிறது, ஆகவே வெப்பம் 0.25-க்கு வந்துவிட்டால் செலவை 1 கூட்டும் நகர்வு ஏற்கப்படும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதற்குக் கீழே நடப்பது எல்லாம் செலவு மாறாத நகர்வுகளில் அலைவதுதான். அந்த அலைச்சல் வீண் இல்லை, அதை நிறுத்திவிடாதீர்கள், சமமான நகர்வை எப்போதும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் குளிர்விப்பின் பெரும்பகுதி நேரத்தை 1-க்கும் 0.25-க்கும் இடைப்பட்ட பகுதியில் செலவிடுங்கள். மேலே அதிக வெப்பத்தில் சுற்றுவதால் ஒன்றும் கிடைப்பதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது டாபு தேடல், அதாவது இப்போதுதான் செய்த நகர்வுகளைக் கொஞ்ச நேரம் தடைசெய்து வைக்கும் தேடல். ஆஸ்டர்கார்ட் 1997-ல் மூடும் குறியீடுகளுக்கு அதைப் பயன்படுத்திய விதம் அழகானது. எந்தக் குறிச்சொல்லை நகர்த்தலாம் என்று தொடங்காமல், மூடப்படாத ஒரு சொல்லை முதலில் பிடித்துக்கொண்டு, அதை மூட வைக்கும் நகர்வுகளை மட்டும் பார்ப்பது. நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். மூடப்படாத சொல்லிலிருந்து தூரம் 1-க்குள் குறிச்சொல்லே கிடையாது, ஆகவே ஒரே எழுத்து மாற்றத்தில் அதை மூட வரக்கூடியவை சரியாகத் தூரம் 2-ல் இருப்பவை மட்டுமே. தூரம் 2-ல் 60 சொற்கள் உண்டு, 73 குறிச்சொற்கள் 729-ல் பரவியிருப்பதால் அந்த 60-ல் சராசரியாக 6 குறிச்சொற்கள் விழும். ஒவ்வொன்றும் இரண்டு வழிகளில் நெருங்கலாம். ஆக 12 நகர்வுகள்! நீங்கள் இப்போது பார்ப்பது 73 பெருக்கல் 12, அதாவது 876 நகர்வுகள், அவற்றில் பெரும்பாலானவை அந்த மூடாத சொற்களுக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் நடப்பவை. செலவு ஒற்றை இலக்கத்துக்கு வந்த பிறகு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

அந்த 12-ல் சிறந்ததை எடுங்கள், செலவு கூடினாலும் எடுங்கள், ஆனால் இப்போது நகர்ந்த குறிச்சொல் சில படிகளுக்கு மறுபடி நகரக் கூடாது என்று தடைப் பட்டியலில் போட்டுவிடுங்கள். பட்டியலின் நீளத்தைச் சிறிதாக வையுங்கள். 12 நகர்வுகளே இருக்கும் இடத்தில் நீளமான பட்டியல் எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

அப்புறம் 72-க்குப் போகும் முன் நீளம் 4-ல் 9, நீளம் 5-ல் 27 இரண்டையும் உங்கள் நிரல் தானாகக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். 27-லேயே திணறினால் 73-ஐப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நிரைநிரல் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் தேடலைக் கூர்மையாக்குவதைவிடத் தேடும் இடத்தைச் சுருக்குவதில்தான் எனக்கு நம்பிக்கை. நீளம் 6-ல் இது ஒருவேளை ஆடம்பரமாகத் தோன்றலாம், 8, 9 என்று போனால் வேறு வழியே இல்லை.

பிளோக்ஹவுஸும் லாமும் 1984-ல் கொடுத்த அணி முறையைப் பாருங்கள். குறியீட்டை நேராகத் தேட வேண்டாம். மூன்று எழுத்துகளையும் மாடுலோ 3 எண்களாக (3-ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்த்து) எடுத்துக்கொண்டு, நிரைகள் குறைவாகவும் நிரல்கள் சொல்லின் நீளத்துக்குச் சமமாகவும் உள்ள ஓர் அணியை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நிரைகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் அணியால் பெருக்கினால் சின்ன வெளியில் ஒரு புள்ளி கிடைக்கும். இப்போது அந்தச் சின்ன வெளியில் ஒரு புள்ளிக் கணம் தேடுங்கள்: வெளியின் எந்தப் புள்ளியும் கணத்திலேயே இருக்க வேண்டும், அல்லது கணத்தின் ஒரு புள்ளியோடு ஏதாவது ஒரு நிரலையோ அதன் இரு மடங்கையோ கூட்டினால் கிடைக்க வேண்டும். அப்படி ஒரு கணம் கிடைத்துவிட்டால், அதற்குள் விழும் எல்லாச் சொற்களும் சேர்ந்து பெரிய வெளியில் ஒரு மூடும் குறியீடு. ஏன் என்று யோசித்தால் உடனே தெரியும், ஒரு சொல்லில் ஓர் எழுத்தை மாற்றுவது என்பது சின்ன வெளியில் ஒரு நிரலைக் கூட்டுவதுதான்.

நீளம் 4-ல் கையால் செய்து பார்க்கலாம். இரண்டு நிரைகள், நிரல்கள் (1,0), (0,1), (1,1), (1,2). இந்த நான்கும் இவற்றின் இரு மடங்குகளும் சேர்ந்தால் 9 புள்ளிகள் கொண்ட சின்ன வெளியில் பூஜ்யம் தவிர்த்த எட்டும் வந்துவிடுகின்றன. எனவே பூஜ்யம் என்ற ஒரே புள்ளி போதும், அதற்குள் விழும் சொற்கள் 9. இதுதான் ஹேமிங் குறியீடு, ஒரு சொல்லும் இருமுறை மூடப்படாத முழுநிறைவான மூடல். நீளம் 13-க்கும் இதே கதைதான்.

இதே வகைக் கச்சிதத்தில் இன்னொன்று உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீளம் 11, ஆரம் 2 (தூரம் 2 வரை மூடினால் போதும்), 729 சொற்கள், கோளத்தில் 243 சொற்கள். 729-ஐ 243-ஆல் பெருக்கினால் 177147, அதாவது 3-இன் 11-ஆம் அடுக்கு, ஒன்று கூடக் குறைய இல்லை. கோலே 1949-ல் வெளியிட்ட இந்தக் குறியீட்டை, விர்த்தகல்லியோ என்ற பின்லாந்துக்காரர் 1947-லேயே கால்பந்துச் சீட்டு ஆடுவோருக்கான ஒரு பத்திரிகையில் கொடுத்துவிட்டார். இந்தக் கணக்கின் பெயர் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உங்கள் 6-க்கு வருவோம். ஆறுக்கும் குறைவான நிரைகள் கொண்ட அணியிலிருந்து வரும் குறியீட்டின் அளவு எப்போதும் 3-ஆல் வகுபடும். 73 பகா எண், ஆகவே 73 இந்த வழியில் வரவே வராது. 72 வரலாம்: ஐந்து நிரைகள், ஆறு நிரல்கள், 243 புள்ளி வெளியில் 24 புள்ளிகள். தேடல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, ஐந்து நிரல்களை அலகு அணியாக வைத்துவிட்டால் ஆறாவது நிரலுக்கு உண்மையில் வேறுபட்ட தெரிவுகள் விரல்விட்டு எண்ணலாம். உங்கள் டாபு நிரலைக் கொஞ்சம் மட்டும் மாற்றி இந்தச் சின்ன வெளியில் ஓட்டலாம். இதை முதலில் முயல்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள், அது உண்மை, ஆனாலும் செய்துபார்த்தால் நிறையப் புரியும்.

அணி முறை இதைவிடப் பொதுவான ஒன்றின் ஒரு பகுதிதான். ஏதாவது ஒரு சமச்சீர்க் குலத்தை எடுத்துக்கொண்டு, குறியீடு அந்தக் குலத்தின் ஆர்பிட்டுகள் (குலத்தின் மாற்றங்களால் ஒன்றிலிருந்து ஒன்று கிடைக்கும் சொற்களின் கூட்டங்கள்) சிலவற்றின் சேர்க்கையாக இருக்க வேண்டும் என்று நாமே நிபந்தனை போடுகிறோம். இடங்களைச் சுழற்றுவது, எழுத்துகளை மாற்றிப்போடுவது எல்லாம் இதில் அடங்கும். இங்கே ஆர்பிட்டுகள் வெவ்வேறு அளவில் வரும், நிலைப்புள்ளிகளும் இருக்கலாம், ஆகவே 73 போன்ற எண்ணும் 1 கூட்டல் 72 என்ற மாதிரி உடைந்து வர இடமுண்டு. நல்ல குறியீடுகளில் பலவற்றுக்குச் சமச்சீர் இருக்கிறது என்ற அனுபவத்தின் மேல்தான் இந்த முறையே நிற்கிறது. அதற்கு உத்தரவாதம் இல்லை. 72 அளவில் ஒரு குறியீடு இருந்து அதற்கு எந்தச் சமச்சீரும் இல்லாமல் போனால் இந்த வழியில் அதைக் காணவே முடியாது.

வெட்டுப்புள்ளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. 876-க்குப் பதில் 12 என்பதைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். என் நிரல் நீளம் 4, 5 இரண்டிலும் சரியாக வேலை செய்து, 73-ஐயும் அடிக்கடி கண்டுபிடித்து, ஆனால் 72-ல் எவ்வளவு ஓட்டியும் தோற்றால், அதை 72 இல்லை என்பதற்கான ஒரு சான்றாகவாவது எடுத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் 71 என்ற கீழ்வரம்பு எங்கிருந்து வந்தது?

மிகையெண் எழுதியது:

எடுத்துக்கொள்ள முடியாது. தேடல் வென்றால் கையில் 73 சொற்கள் இருக்கும், யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் சரிபார்க்கலாம். தோற்றால் கையில் ஒன்றும் இல்லை. இடத்தின் அமைப்பு அப்படி: 72 அளவுள்ள குறியீடு இருந்தால் அது மிக அரிதாக, அருகில் போனாலும் செலவு காட்டிக்கொடுக்காத இடத்தில் இருக்கலாம். ஹியூரிஸ்டிக், அதாவது இப்படி உத்தரவாதமில்லாத தேடல், மேல்வரம்புக்கு மட்டும்தான். கீழ்வரம்புக்கு எண்ணிக்கை வாதமோ முழுமையான தேடலோ வேண்டும்.

எண்ணிக்கை வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்தது இருமக் குறியீட்டில் (0, 1 என்ற இரண்டே எழுத்துகள்), நீளம் 8, ஆரம் 1. 256 சொற்கள், கோளத்தில் 9, ஆகவே சாதாரணக் கோள எண்ணிக்கை 29 என்கிறது. நீளம் 7-இன் ஹேமிங் குறியீட்டில் 16 சொற்கள், அதோடு ஓர் இடத்தைச் சும்மா சேர்த்தால் 32. இடையில் 29, 30, 31 மூன்றையும் எப்படி அடிப்பது?

ஒவ்வொரு சொல்லும் தேவைக்கு மேல் எத்தனை முறை மூடப்படுகிறது என்பதை அதன் மிகை என்போம். குறியீட்டில் இல்லாத ஒரு சொல்லை எடுத்து, அதன் கோளத்தில் உள்ள 9 சொற்களும் மொத்தம் எத்தனை முறை மூடப்படுகின்றன என்று கூட்டுங்கள். அந்தச் சொல்லிலிருந்து தூரம் 1-ல் உள்ள குறிச்சொல் அந்தக் கோளத்தில் சரியாக 2 சொற்களை மூடும், தூரம் 2-ல் உள்ளதும் சரியாக 2, அதற்கு மேல் தூரத்தில் உள்ளவை எதையும் மூடாது. ஆகவே கூட்டுத்தொகை இரட்டைப்படை. ஆனால் கோளத்தில் இருப்பதோ 9 சொற்கள், ஒற்றைப்படை! ஒவ்வொன்றையும் சரியாக ஒருமுறை மூடுவது நடக்கவே நடக்காது, கோளத்துக்குள் எங்கோ குறைந்தது 1 மிகை இருந்தே ஆக வேண்டும். குறியீட்டில் இல்லாத ஒவ்வொரு சொல்லுக்கும் இது பொருந்தும், ஒரு மிகையை அதிகபட்சம் 9 கோளங்கள் பங்குபோட்டுக்கொள்ளலாம். குறியீட்டின் அளவு ம என்றால் மொத்த மிகை 9ம − 256. எனவே 256 − ம என்பது 9 மடங்கு (9ம − 256)-ஐத் தாண்டக் கூடாது. சுருக்கினால் 82ம குறைந்தது 2560, ம குறைந்தது 31.2, அதாவது 32. முடிந்தது. கணினியே வேண்டாம், ஒரு ஒற்றை-இரட்டை விஷயம் மூன்று எண்களையும் அடித்துவிட்டது. முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. இருமத்திலேயே நீளம் 6-இல் இதே வாதம் 11 தருகிறது, உண்மையான விடை 12. நீளம் 9-ல் கோளத்தில் 10 சொற்கள், இரட்டைப்படை, இந்த வாதம் அங்கே அப்படியே வேலை செய்யாது.

இப்போது உங்கள் மூன்றெழுத்துக் கணக்கு. இதை முழு எண் நிரலாக்கமாக எழுதுவது சுலபம்: 729 மாறிகள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1, 729 நிபந்தனைகள். முழு எண் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் எல்லா மாறிக்கும் 13-ல் ஒரு பங்கு கொடுத்துவிட்டுப் போய்விடலாம், பழைய 56.08 தான் வருகிறது. கிளைபிரித்துத் தேடினாலும் சமச்சீர் கழுத்தைப் பிடிக்கிறது. ஆறு இடங்களை 720 விதமாக மாற்றலாம், ஒவ்வொரு இடத்திலும் எழுத்துகளை 6 விதமாக மாற்றலாம், மொத்தம் 33592320 சமச்சீர்கள். ஒரே குறியீட்டை வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

வழி இப்படித் திறக்கிறது. ஏதாவது ஓர் இடத்தின் எழுத்தைப் பொறுத்து 729-ஐ 243 கொண்ட மூன்று அடுக்குகளாகப் பிரியுங்கள். ஓர் அடுக்கில் உள்ள குறிச்சொல் தன் அடுக்கில் 11 சொற்களையும் மற்ற இரண்டில் தலா ஒன்றையும் மூடும். மொத்தம் 72 என்றால், ஓர் அடுக்கின் எண்ணிக்கையில் 10 மடங்கோடு 72-ஐக் கூட்டினால் 243-க்குக் குறையக் கூடாது, எனவே எந்த அடுக்கிலும் குறைந்தது 18 குறிச்சொற்கள். மிகச் சிறிய அடுக்கில் 24-க்கு மேல் இருக்க முடியாது. அப்படியானால் 18 முதல் 24 வரை சொற்கள் கொண்ட, குறிப்பிட்ட அளவு மட்டுமே இடைவெளி விடும் நீளம் 5 குறியீடுகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் முழுக் குறியீடாக நீட்ட முடியுமா என்று பார்க்கலாம். 18 என்றால் நெருக்கடி எவ்வளவு என்று பாருங்கள்: சொந்த அடுக்கில் 198, வெளியிலிருந்து 54, மொத்தம் 252, தேவை 243, மிச்சம் வெறும் 9. 24-க்குப் போனால் மிச்சம் 69 ஆகிவிடுகிறது, கஷ்டம் முழுக்க அந்தப் பக்கம்தான்.

லிண்டரோத், மார்கோ, தெய்ன் மூவரும் 2009-ல் வெளியிட்டது இந்த வகை உட்குறியீட்டு எண்ணிக்கையையும், ஒரே குறியீடு வேறு வேடத்தில் வருவதை வெட்டும் உத்தியையும், நேரியல் நிரலாக்க வரம்புகளையும் சேர்த்து ஆயிரக்கணக்கான புராசஸர்களில் ஓட்டியது. கீழ்வரம்பு 65-லிருந்து 71-க்கு ஏறியது அப்படித்தான்.

வாலறுந்த_வரிசை எழுதியது:

மிகையெண் சொன்ன அடுக்குக் கணக்கைத் தேடலிலும் பயன்படுத்தலாம். 72-ஐத் தேடும்போது ஆறு இடங்களில் எந்த எழுத்தும் 18-க்குக் குறைவாகவோ 36-க்கு மேலாகவோ வரக் கூடாது, அந்த எல்லையை மீறும் தொடக்கங்களில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம்: முன்னேற்றம்தான் வேண்டும் என்றால் 6-ஐ விட்டு மேலே போங்கள். நீளம் 7-ல் மேல்வரம்பு 186, கோள எண்ணிக்கை 146. நீளம் 8-ல் 486-க்கு எதிரே 386. இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

நிரைநிரல் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 8-க்குப் போனால் 486 குறிச்சொற்களை நேராக நகர்த்தாதீர்கள். 486 என்பது 2 பெருக்கல் 243. அந்த எண்ணே சின்ன வெளியில் தேடச் சொல்கிறது. நிரைகளை 5, 6 என்று மாற்றி மாற்றி வைத்து, 486-ஐவிடச் சிறிய, 3-இன் பொருத்தமான அடுக்கால் வகுபடும் எண்களை மட்டும் குறிவையுங்கள். ஐந்து நிரை என்றால் 27-இன் மடங்குகள், அடுத்தது 459. ஆறு நிரை என்றால் 9-இன் மடங்குகள், அடுத்தது 477, அதாவது 729 புள்ளி வெளியில் 53 புள்ளிகள். நீங்கள் நீளம் 6-க்கு எழுதி வைத்திருக்கும் அதே 729 இட அர்ரே, கோளம் மட்டும் 13-லிருந்து 17 ஆகிறது.

வெட்டுப்புள்ளி எழுதியது:

அப்படியானால் அலகு அணியோடு இன்னும் இரண்டு நிரல்கள் மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் அந்த இரண்டு நிரல்களின் உண்மையில் வேறுபட்ட ஜோடிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 54 புள்ளிகளில் மூடல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு 53-க்கு வருகிறேன். எந்த நிரல்களில் 54 சுலபமாக விழுகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.